இரண்டு பேர் போய் ஒருத்தர் திரும்பினால்

“நான் வெளிய வரலைன்னா சொன்னேன்? வந்தேன். ஆனா முட்டையை...”

“முட்டையை நீ தின்னேன்னு நானும் சொல்லலையே. கடல்காகம்தான் தின்னுச்சு. அதைக் கூப்பிட்டு உட்கார வெச்சது யாரு?”

“அக்கா, மூணு வருஷம். இந்த ஒரு முகத்துக்காக மூணு வருஷமா...”

“நாற்பத்தொண்ணாம் கூடு காலி. அதுக்குப் பதில் சொல்லு முதல்ல.”

கூடு எண்ணும் அக்காவும் படம் எடுக்கும் தம்பியும் தீவின் காவல் அறையில், மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு படிவம். ‘படம் எடுத்ததால் கூடுகளுக்கு இடையூறு நேரவில்லை’ என்ற வரிக்குக் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு நாலு மணிப் படகில் அனுப்பினால்தான் தம்பியின் படம் போட்டிக்குப் போகும். இடையூறு என்று எழுதினால் படமும் போச்சு, அடுத்த வருஷ அனுமதியும் போச்சு. தம்பி போட்டுவிட்டான். அக்கா பேனாவைத் தொடவில்லை.

படம் அவள் பக்கம் திருப்பி வைத்த கேமராவில் ஒளிர்ந்தது. ஓர் ஆலாப் பறவையின் முகம். தொப்பியை இழுத்து மாட்டின மாதிரி கருந்தலை, அலகின் நுனியில் ஒரு சொட்டு உப்புநீர். பின்னால் இரண்டாயிரம் ஆலாக் குடும்பம் கத்திக்கொண்டிருப்பது வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்தது.

ஆலாக்களுக்கு எண்ணத் தெரியாது. அதை நம்பித்தான் இவர்கள் வேலை. காலையில் இருவருமாகச் சாக்குக் கூடாரத்துக்கு நடப்பார்கள். தம்பி உள்ளே உட்கார்ந்துகொள்ள, அக்கா மட்டும் திரும்புவாள். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பறவைகள் அடைக்கு அமரும். பதினொரு மணிக்கு அவளே போய் அழைத்து வருவாள். தூரத்திலிருந்து நடந்து வருகிற ஆள் அவற்றுக்குப் பழக்கம். லேசாக எழும்பி உடனே உட்காரும். கூடாரத்திலிருந்து திடீரென்று ஆள் முளைத்தால்தான் வினை. மொத்தமும் எழும்பிவிடும், முட்டை கடல்காகத்துக்கு.

“ஏன்டா முந்திக்கிட்டு வந்தே? படம் கிடைச்ச குஷியா?”

“கால் மரத்துப் போச்சுக்கா.”

“மரத்துப் போனா நீட்டிக்க வேண்டியதுதானே.”

“நீட்டப் போய்த்தான் வெளிய விழுந்தேன். கூட்டு மேல விழக்கூடாதேன்னு ஒருக்களிச்சு விழுந்ததுல எழுந்திருக்க முடியல. பத்து நிமிஷம் இருக்கும். தலைக்கு மேல அத்தனையும் கத்துது. நான் எழுந்தாத்தான் அதுங்க உட்காரும். எழுந்திருக்க வரல.”

அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “இப்பவும் உட்கார்ந்திருக்குடா அது. வெறும் குழியில. மத்தியானம் தொலைநோக்கியில பார்த்தேன்.”

அவள் படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். அதன் மூலையில் எடுத்த நேரம் சின்னதாக இருந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள்.

“இதுதான் கடைசிப் படமா?”

“ஆமா.”

“பதினொண்ணு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே. கடிகாரம் தப்பா ஓடுதா?”

“சரியாத்தான் ஓடுது.”

இந்தத் தீவில் படகுத் துறையில் மட்டும்தான் போன் எடுக்கும். இன்று பத்தரைக்கு அக்கா அங்கே நின்று மகளோடு பேசினாள். பேரன் முதல் தடவையாக நடந்துவிட்டான். மூன்றடி வைத்து, பொத்தென்று உட்கார்ந்து, தானே கை தட்டிக்கொண்டான். ஐந்து நிமிஷம் பேசியதாகத்தான் அவளுக்கு நினைப்பு. கூடாரத்துக்குப் போகிற வழியில் தம்பி நொண்டிக்கொண்டு எதிரே வந்தபோது, “அதுக்குள்ள முடிஞ்சுதா?” என்று கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் மகள் அனுப்பிய வீடியோவைக் காட்டினாள். “இன்னொரு தரம் போடுக்கா” என்று வாங்கிப் பார்த்தவன் அவன்.

“ஏன்டா வாயைத் திறக்கல?”

“திறந்து? பேரன் நடக்கறான்னு நீ சிரிச்சிட்டிருக்கே. அந்நேரம் போய் நீ லேட்டா வந்தேன்னு சொல்லவா?”

“இவ்வளவு நேரம் உன்னைத் திட்டினேனே.”

“அது என்ன புதுசா? ஐம்பது வருஷமாக் கேட்கறேன். காது பழகிடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. வெளியே படகின் சத்தம் கேட்டது.

தம்பி பேனாவை அவள் பக்கம் தள்ளினான். “போடுக்கா. நீயும் வேணும்னு பண்ணல, நானும் வேணும்னு பண்ணல. ரெண்டு பேரும் மறந்துடுவோம்.”

அவள் போனில் மகளோடு பேசி முடித்த நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கான இடத்துக்குப் போகாமல் கீழே ‘குறிப்பு’ என்றிருந்த கட்டத்துக்குப் போனாள். ‘அழைக்க வர வேண்டிய நேரம் பதினொன்று. நான் வந்தது பதினொன்று ஐம்பத்தைந்து’ என்று நிறுத்தி எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். படிவத்தைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். பேனாவை அதன்மேல் வைத்தாள்.

“என் பங்கை எழுதிட்டேன் தம்பி. நீ எத்தனை மணிக்கு வெளிய விழுந்தே?”