கீழாநெல்லி மேல் விழுந்த பழி

இளமதியும் கேட்கட்டும் என்றுதான் டாக்டர் ஜெயச்சந்திரன் போனை ஸ்பீக்கரில் போட்டார். கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஆரணியில் தறிக்காரர்களுக்குக் காய்ச்சல் பார்க்கிற தன் பேச்சையும் ஒரு மருந்து கம்பெனி மதிக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியட்டுமே.

இளமதியின் அம்மா அம்மணி, மூட்டுவலிக்குப் புதிதாக வந்த மாத்திரையைச் சாப்பிட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் கெட்டுச் செத்துப்போனாள். அடுத்த ஆளுக்கு இப்படி ஆகக்கூடாது, மாத்திரையை நிறுத்தவைக்காமல் விடுவதில்லை என்று ஜெயச்சந்திரன் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். அங்கே மருந்துப் பாதுகாப்புப் பிரிவில் டாக்டராக இருப்பவள் சுபத்ரா. செய்யார்க்காரி, கூடப் படித்தவள். நோயாளி பார்க்கிற பேஜாரே வேண்டாமென்று போனவள். புகார் வந்தால் மருந்துதான் காரணமா, வேறு ஏதாவதா என்று முடிவு எழுதுவது அவள் வேலை. அவள் இருக்கிற தெம்பில் இவர் வேறு யாரிடமும் போகவில்லை.

"கேஸ் முடிஞ்சிடுச்சு சந்துரு," என்றாள் சுபத்ரா. "மாத்திரைதான்னு சொல்ல முடியல. மூலிகை சாப்பிட்டிருக்காங்களே."

"இன்னா மூலிகை?"

"நீதான சொன்ன. கீழாநெல்லி."

போன வாரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது, வேறு ஏதாவது கொடுத்தார்களா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். இவரும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்காத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா? காலேஜில் காமாலை வந்து படுத்தபோது சுபத்ராவே அதைத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

"காமாலை வந்தப்புறம்தான குடுப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். எப்ப குடுத்தாங்கன்னு நீ சொல்லலயே."

"நீ கேக்கல."

"விடு சந்துரு. நீயும் இங்க வந்துடேன். அனுபவம் இருக்கிற டாக்டரத்தான் தேடிகினு இருக்காங்க. நான் சொல்லி வைக்கிறேன்," என்றாள்.

சிரித்துப் பேசியே கழுத்தை அறுத்துவிட்டு, வேலையும் போட்டுத் தருகிறாளாம். போனை வைத்தார். எதிரில் இளமதி உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் உறைத்தது.

"நான்தாங்க சார் அரைச்சுக் குடுத்தேன்," என்றாள் அவள். "வேணாம் வேணாம்னு சொல்லிகினே இருந்துச்சு எங்கம்மா. நான்தான் வாயப் புடிச்சு ஊத்தினேன்."

"அதனால இல்லம்மா. அதுக்கு முன்னாடியே ஈரல் போயிடுச்சு. நான் சொல்றதக் கேளு."

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள். வாசலில் அவள் செருப்பு அப்படியே கிடந்தது. ஜெயச்சந்திரன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். பெரிய டாக்டர் ஒரு பெண்ணின் செருப்போடு வெயிலில் ஓடுவதைத் தெருவே நின்று பார்த்தது. முன்னால் போகிறவள் திரும்பவே இல்லை.