எதிர் நாற்காலியில் இலாரியோ

முஸ் சீட்டாட்டத்துக்கு நான்கு பேர் வேண்டும். இரண்டு ஜோடி. கூட்டாளி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரே உட்காருவார். கையில் என்ன சீட்டு என்பதை வாயால் சொல்லக்கூடாது, முகத்தால் சொல்லலாம். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. நாக்கு நுனி தெரிந்தால் இரண்டு ஏஸ். ஒரு கண்ணைச் சிமிட்டினால் சீட்டுகளின் கூட்டுத்தொகை முப்பத்தொன்று. அதைவிடப் பெரிய கை ஆட்டத்தில் கிடையாது. எங்கள் பாஸ்க் மலையூர்களில் குழந்தைகள்கூட இதை அறிவார்கள். கூட்டாளியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு சுற்றுக்கூட ஆட முடியாது.

அந்த வருடம் எனக்கு எதிரே உட்கார ஆளில்லை.

நான் அப்போது நகரமன்ற உறுப்பினர். சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கூரை இவைதான் என் வேலை. ஆனால் என் கட்சி, பாஸ்க் நாடு ஸ்பெயினோடு இருக்க வேண்டும் என்று சொல்லும் கட்சி. வசந்த காலத்தில் ஒருநாள் காகித ஆலைச் சுவரில் யாரோ துப்பாக்கிக் குறிவட்டம் ஒன்றை வரைந்து, நடுவில் என் பெயரை எழுதியிருந்தார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் என்னைப் போன்ற ஒருவர் செய்தித்தாள் வாங்கிக்கொண்டிருந்தபோது, தனிநாடு கேட்கும் ஆயுத அமைப்பின் ஆள் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றிருந்தான்.

அதன்பிறகு அரசு எனக்கு தமியானைக் கொடுத்தது. தெற்கத்திப் பையன், நல்ல மெய்க்காவலன். ஊர் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஊரார் கெட்டவர்கள் அல்ல, பயந்தவர்கள். ரொட்டிக் கடைக்காரி தராசைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை நீட்டுவாள். பூசையில் நான் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிடும். பள்ளி நாளிலிருந்து எனக்கு எதிரே உட்கார்ந்து முஸ் ஆடிய பெர்மின் வீட்டுக்கே வந்து, மனைவி அழுகிறாள், இந்தத் திருவிழாவுக்குத் தன்னால் ஆட முடியாது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அதை நேரில் வந்து சொன்னதற்கு நான் அவனுக்கு இன்றும் நன்றியுள்ளவன்.

என் மனைவி எதுர்னேயின் அண்ணன் பாஸ்க் நாட்டுக்கு வெளியே, லொக்ரோன்யோ நகரில் எங்களுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். போய்விடலாம் என்பாள் அவள். எங்கள் இருவர் சண்டைக்கு நடுவில் போகவேண்டாம் என்று தமியான் சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்வான்.

"உன்ன சுட்டுட்டா உன் பேர ஒரு தெருவுக்கு வெப்பாங்க பிட்டோர். அந்தத் தெருவுல நான் யாரோட நடக்கறது?" என்றாள் எதுர்னே.

திருவிழா முஸ் போட்டியில் ஒருமுறை ஆடிவிட்டு வருகிறேன், பிறகு நீ சொல்வதுபோல் செய்வோம் என்றேன். யாருடன் ஆடப்போகிறாய் என்று அவள் கேட்டாள். தமியானைக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். "சார், என் கண்ணு வாசல்ல இருக்கணும். உங்க மூஞ்சிய பாத்துட்டிருந்தா ரெண்டு பேருமே அவுட்டு."

ஆனாலும் போனேன். மாதாகோவில் கூடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் நான் உட்கார்ந்தேன். எதிரணியாக வந்த இரண்டு இளைஞர்கள், ஜோடி இல்லாவிட்டால் என் பெயரை அடித்துவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போது இலாரியோ எழுந்தார். அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் உனாய், அமைப்புக்காக ஒரு காவல்துறைக்காரரைச் சுட்டவன். நாட்டின் தென்கோடியில் ஒரு சிறையில் இருந்தான். ஊர் மதுக்கடைகளில் அவன் படத்தை வீரன் படம்போல் மாட்டியிருப்பார்கள். இலாரியோ கூடத்தின் குறுக்கே மெதுவாக நடந்து வந்து என் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீட்டுச் சத்தம் எல்லா மேசைகளிலும் நின்றது.

கார்மெலே வந்து அவர் பின்னால் நின்றாள். கைதிகளின் குடும்பங்களை மாதாமாதம் சிறைக்குக் கூட்டிப்போகும் வேனை நடத்துபவள் அவள்.

"இலாரியோண்ணே, நாற்காலி மாறி உக்காந்துட்டீங்க போல."

"முட்டி வலிம்மா. கெடச்சதுல உக்காந்துட்டேன்."

"உனாய்க்குத் தெரிஞ்சா என்ன நெனப்பான்?"

"நானே போய்ச் சொல்லிடறேன்."

"எதுல போவீங்க? வேன்ல எடமில்லையே."

மகனைப் பார்க்க அவருக்கு வேறு வழி கிடையாது. கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் எழப்போனேன். அவர் சீட்டை என் பக்கம் தள்ளி, "கலைச்சுப் போடு பிட்டோர்," என்றார்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். இரண்டாம் சுற்றில், ஒரு முக்கியமான கட்டத்தில், நான் சீட்டிலிருந்து தலை தூக்கினேன். இலாரியோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்காகத்தான் பார்த்தார். ஆனால் ஊரில் ஒருவர் அப்படி என்னைப் பார்த்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. என் இடது கண்ணில் நீர் கட்டியது. அதை அடக்க அந்தக் கண்ணை மூடித் திறந்தேன்.

"ஓர்தாகோ!" என்றார் இலாரியோ. இருப்பதையெல்லாம் ஒரே வீச்சில் பந்தயம் வைப்பது அது.

எதிரணி ஏற்றுக்கொண்டது. சீட்டைத் திருப்பிக் காட்டினோம். என்னிடம் ஒன்றுமே இல்லை. அவரிடமும் இல்லை. எதிரணி இளைஞர்கள் எங்களை மாறிமாறிப் பார்த்தார்கள்.

"கண்ண அடிச்சியே?" என்றார்.

"அடிக்கல. அழுதேன்."

அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

வீடுவரை என்னோடு நடந்து வந்தார். தமியான் சற்றுப் பின்னால் வந்தான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முதலில் என் கட்சியை நன்றாகத் திட்டினார். தனிநாடு வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன், காவல் நிலையத்தில் என் பையனை அடித்ததையும் மறக்கமாட்டேன் என்றார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, அது நடந்ததுதான். பிறகு மகனைப் பற்றிச் சொன்னார்.

"அந்தப் போலீஸ்காரர் மூஞ்சி ஞாபகம் இருக்காடான்னு ஒருதரம் கேட்டேன். மூஞ்சிய பாக்கலப்பா, அது ஆளில்ல, அரசாங்கம்னான். நானும் அரசாங்கத்துகிட்ட எவ்வளவோ தரம் க்யூவுல நின்னிருக்கேன். அதுக்கு ரத்தம் வந்து பாத்ததில்ல."

கொஞ்ச தூரம் போனதும், "மொதல்ல ஊரு ஒருத்தன பாக்காம விடுது. அதுக்கப்புறந்தான் எவனோ பின்னாலேருந்து வர்றான். எம் மவன் செஞ்சத என்னால திருப்ப முடியாது. பாக்கறது முடியும்ல?" என்றார்.

அன்று மாலை எல்லாவற்றையும் எதுர்னேயிடம் சொன்னேன். கார்மெலே சொன்னதைக் கேட்டதும் அவரைக் கண்டிப்பாக வேனில் ஏற்றமாட்டார்களா என்று இரண்டுமுறை கேட்டாள். மாட்டார்கள் என்றேன். எழுந்துபோய் அண்ணனுக்கு போன் செய்தாள். வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னாள். திரும்பி வந்து, "நாம போயிட்டா அவர யாரு ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றாள். அவள் பயம் போகவில்லை.

அடுத்த மாதம் அவளே காரோட்டி அவரைக் கூட்டிப்போனாள். அமைப்பின் கைதி ஒருவனைப் பார்க்கப் போகும் தகப்பனை, அமைப்பு குறிவைத்தவனின் மனைவி நாடு முழுவதும் கடந்து அழைத்துப்போனாள். வழிக்கு அவித்த முட்டையும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொடுத்தது நான்.

திரும்பி வந்ததும் இலாரியோ நேராக எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். யார் கூட்டிவந்தது, ஏன் என்று மகனிடம் சொன்னாராம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவன், போட்டியில் ஜெயித்தீர்களா என்று கேட்டானாம். தோற்ற கதையைச் சொன்னாராம்.

"சிரிச்சுட்டான் பிட்டோர். உள்ள போனதுலேருந்து அவன் சிரிச்சு நான் பாக்கல. 'அழுதத கண்ணடிச்சான்னு நெனச்சீங்களா, அந்த பிட்டோருக்கு ஆடவே தெரியாதேப்பா'ன்னான்."

அது மனமாற்றமா என்று எனக்குத் தெரியாது. அதை எடைபோடுவது என் வேலை அல்ல. ஆனால் உனாய் என்னைச் சீட்டாடத் தெரியாத ஓர் ஆளாக நினைத்துச் சிரித்திருக்கிறான். அரசாங்கத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. எதுர்னே சூப்பு பரிமாறினாள். அது ஆறுவதற்குள் நாங்கள் நால்வரும் சாப்பாட்டு ஜெபத்துக்குக் கைகூப்பினோம். தமியானும் வாசலிலிருந்து கண்ணை எடுத்து எங்களோடு தலை குனிந்தான்.