நாய்களின் கண்ணில் படாத கங்காணி

1911ஆம் ஆண்டு தை மாதம் கரடிப்பாறைத் தோட்டத்துப் பெரிய கங்காணி வைரவநாதன் நாய்களின் கண்ணுக்குத் தெரியாமல் போனார். சித்திரையில் மாடுகளுக்கும், வைகாசி முடிவதற்குள் மனிதர்களுக்கும் தெரியாமல் போனார். அந்த ஆண்டு நமுனுகுல மலைப்பக்கம் மழை இருபது நாள் பிந்தியது. தோட்டத்து ஜனங்கள் மழையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. முந்தின கார்த்திகையில் தோட்டத்துத் துரை மரைமான் வேட்டைக்கென்று ஆறு நாய்க்குட்டிகளை வரவழைத்தார். பண்டாரவளை வரை ரயிலிலும் அப்புறம் மாட்டு வண்டியிலும் வந்து இறங்கின. ஆவணியில் தோட்டத்தைப் பார்வையிடக் கம்பெனித் துரை வருவதற்குள் அவை கூப்பிட்டால் வரவும் சொன்னால் உட்காரவும் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய கங்காணி வேலை கீழ்மலைக் கங்காணி லிங்கத்துக்கு என்று துரை சொல்லிவிட்டார். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் போய்விட்டால் வைரவநாதனிடம் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அது அவருக்கே தெரியும். ஆனால் தன் பெயரில் வைரவர் இருக்கிறார், வைரவருக்கு வாகனமே நாய், ஆகவே இது கைவந்த வேலை என்று நினைத்துக்கொண்டார். முட்டாள்களுக்குத் துணிச்சல் இப்படித்தான் வருகிறது.

உண்மையில் அவருக்குத் தெரிந்தது பெரட்டு என்கிற காலை ஆள்கணக்கு ஒன்றுதான். விடியலில் தப்புப் பறை அடித்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுபோல் குட்டிகளையும் நிறுத்தினார். பிந்தி வரும் ஆளுக்கு அரைநாள் கூலி எழுதுவதுபோல், முதல் கூப்பாட்டுக்கு வராத குட்டிக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சோறு. இரண்டாவதுக்கும் வராவிட்டால் பிரம்பு. தப்புச் சத்தத்துக்குப் பயந்து மூத்திரம் பெய்தால் அதற்கும் பிரம்பு. நாய்க்கொட்டில் கழுவுகிற பெரியாயி ஒரு நாள் தாங்கமாட்டாமல், "கொஞ்சம் பொறுங்கய்யா, பச்சக் குட்டிங்க" என்றாள். "ஒன்னையும் சேத்து வரிசையில நிறுத்துவேன், போடி" என்றார் கங்காணி.

ஒவ்வோர் அடிக்கும் அவர் கொஞ்சம் மங்கினார். முதலில் குட்டிகள் அவரை ஊடுருவிப் பின்னாலிருந்த தேயிலையைப் பார்த்தன. பிறகு ஒன்று வேலிக்கட்டை என்று எண்ணி அவர் கணுக்காலில் காலைத் தூக்கியது. அவர் இன்னும் பலமாக அடித்தார், இன்னும் மங்கினார். ஹாலிஎல ரோட்டில் வண்டிமாடுகள் அவரைச் சாக்கடையில் தள்ளிவிட்டு நடந்தன. வைகாசிக் கடைசியில் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட, "இங்கதாங்க நிக்கிறேன்" என்று கங்காணி அவர் மூக்குக்கு நேரே நின்று கத்தினார். வரவில்லை என்று எழுதப்பட்டது. குரலுக்குப் பேர் போடும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. மனைவி அன்னலட்சுமி சோறு போட்டு வைத்தாள், தட்டு காலியானது. கேட்டவர்களிடம், "முன்னாடியும் இப்புடித்தாங்க, சத்தம் மட்டுந்தான் இருக்கும்" என்றாள்.

லிங்கம் கோட்டுக்கு அளவு கொடுக்கப் பதுளைக்குப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று வைரவநாதன் நாய்க்கொட்டிலுக்குப் போய் அழுதார். அங்கே ஆறு குட்டிகளும் பெரியாயி முன் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எந்தக் குட்டி தானாக உட்காருகிறதோ அதற்கு அந்த நொடியே மடியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு கொடுப்பாள். உட்காராத குட்டிக்கு ஒன்றுமில்லை, அடியும் இல்லை. இரண்டே நாளில் கற்றுக்கொண்டன.

"இதுங்கள என்னையப் பாக்க வையி" என்றார்.

"மொதல்ல சத்தம் போடாம உக்காருங்கய்யா."

"எம்புட்டு நேரம்?"

"அதத்தான் கேக்கக் கூடாது."

அவரால் முடியவில்லை. பெரியாயி குரல் வந்த பக்கம் பார்த்துக் காத்திருந்தாள். மூன்றாம் நாள், நூறு எண்ணும் நேரம் அவர் வாயை மூடியிருந்தார். உடனே காற்றில் ஒரு துண்டை நீட்டினாள். அதை வாங்கிய உள்ளங்கை தெரிந்தது. "அப்புடித்தான், அப்புடித்தான்" என்றாள். அடுத்த வாரம் முழங்கை வந்தது; ஒரு குட்டியைச் சனியனே என்றார், முழங்கை போய்விட்டது. நாய் இரண்டு நாளில் படித்ததைப் பெரிய கங்காணி படிக்க நாற்பத்தொரு நாள் பிடித்தது. தலை கடைசியாக வந்தது, வந்தும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அன்று ஒரு குட்டி அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. அவர் விம்மிவிட்டார்.

ஆவணியில் கம்பெனித் துரை பெரட்டுக் களத்துக்கு வந்தார். நாய்களைக் கூப்பிடச் சொல்லித் தோட்டத்துத் துரை சாடை காட்டினார். வைரவநாதன் அதட்ட வாயைத் திறந்தார், பழைய பழக்கத்தில் கை உயர்ந்தது, விரல் நுனிகள் மங்கத் தொடங்கின. ஓரத்தில் நின்ற பெரியாயி நாக்கைத் தட்டி மெல்லச் சத்தம் கொடுத்தாள். ஆறு நாய்களும் ஓடிவந்து உட்கார்ந்தன. பக்கத்தில், கறுப்புக் கோட்டோடும் தலைப்பாகையோடும், பெரிய கங்காணியும் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். கம்பெனித் துரை ஏழு பேரையும் பார்த்து, திருப்தி என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

வேலை வைரவநாதனுக்கே நிலைத்தது. அடுத்த பதினோரு வருடமும் பெரட்டில் பெரியாயி அவர் கையில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்த பிறகுதான் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் மத்தியானம் வரை கங்காணி தெரியமாட்டார். அந்த நாட்களிலும் கொழுந்து வழக்கம்போல் நிறுக்கப்பட்டது. யாரும் அவரைத் தேடவில்லை.