கத்தி படாத துணி

“பின்ன உள்ள தள்ளு புள்ள. இன்னும்... இன்னும் ஒரு தட்டு” என்றான் ரவிக்குமார்.

இரண்டு கைகளாலும் அலுமினியச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் மனைவி அன்புச்செல்வி கீழே குந்தி, நழுவியிருந்த பின்னை ஓட்டையில் வைத்து உள்ளங்கையால் தட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது. துணிக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் சூலூர் மண்டபத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மூன்றடிச் சந்து. முதுகில் சுவர், முகத்தில் துணி.

மணமேடைக்குப் பின்னால், சுவரிலிருந்து சுவர் வரை பன்னிரண்டு சட்டங்கள். தலையணைக்கு உறை போடுவதுபோல ஒவ்வொன்றுக்கும், இழுத்தால் நீளும் இழுவைத் துணியை விறைப்பாக மாட்டி, ஒன்றோடொன்று பின் போட்டு நிறுத்தினால் தீர்ந்தது வேலை. காரை உதிர்ந்த சுவர் காணாமல் போய், பாலாடை மாதிரி வெள்ளைத் திரை நிற்கும். கல்யாண ஏற்பாடுகளை எடுத்துச் செய்யும் மோகனப்பிரியா அதைப் பேனல் என்பாள். ரவிக்குமாருக்கு அது தட்டிதான்.

வேலைக்கு வருகிறவர்களிடம் அவன் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுவான். “தட்டி ஒண்ணையொண்ணு புடிச்சுட்டு நிக்கிற சாமானம். நடுவுல ஒண்ண உருவுனா மொத்தமும் மாப்பிள்ள பொண்ணு தலைமேலதான்.” அது ஒன்று. “நல்ல காரியம் நடக்கற எடத்துல துணியில கத்தி படக் கூடாது.” இது இரண்டாவது. அவிநாசியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் துணி ஒரு முழம் கிழிந்துபோய், அந்தச் சம்பந்தமே முறிந்ததற்கு அந்தக் கிழிசலைத்தான் காரணம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அது சத்தியம் மாதிரி.

“சித்தெ உக்காந்துக்கறேன் புள்ள” என்றான். கை சட்டத்தை விட்டது. சுவரோரம் சரிந்து, சுருட்டி வைத்த துணி மூட்டைமேல் உட்கார்ந்தான். “நெஞ்சுக்குள்ளயும் யாரோ பின்னு போட்டாப்புல இருக்குது.”

“ஏனுங்க? என்ன பண்ணுதுங்க?”

அவன் சட்டை, தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல நனைந்திருந்தது. வைகாசி வெயில் காலை ஏழரைக்கு முன்பே சந்துக்குள் அனலாக இறங்கியிருந்தது. ஆனால் அவன் கழுத்தைத் தொட்டபோது சில்லென்றது.

அன்புச்செல்வி இடது ஓரத்துக்கு ஓடினாள். பன்னிரண்டாவது தட்டிக்கு மட்டும் பின் கிடையாது. வெல்க்ரோ பட்டைதான். இவர்கள் வந்து போகும் கதவு அது. பட்டையைப் பர்ரென்று பிரித்துத் தள்ளினாள். இரண்டு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. மறுபடி தோளால் இடித்தாள். அசையவில்லை. இடுக்கில் ரோஜாவும் சம்பங்கியும் தெரிந்தன. பெண் வீட்டார் கடைசி நேரத்தில் இறக்கிய ஆளுயரப் பூ மயில்! இவர்கள் உள்ளே வந்த பிறகு, இரும்புக் காலோடு கொண்டுவந்து, சரியாக இந்தத் தட்டிமேல் சாய்த்து நிறுத்திவிட்டிருக்கிறார்கள்.

“ஏனுங்க! ஆருங்க அங்க! இத நகத்துங்க!”

தவில் அவள் குரலை மென்று விழுங்கியது. சந்தில் இருந்த பின்கதவுக்கு மண்டபத்துக்காரர்கள் வெளியே பூட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அதையும் உலுக்கிவிட்டு, மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டாள். இரண்டாவது முறை எடுத்தாள்.

“இவருக்கு முடியலைங்க மோகனா! ஒடனே வாங்க!”

“என்னக்கா? கேக்கல!”

“முடியலைங்க! முடியல!”

“முடியலையா? விடுங்கக்கா, முன்னாடி நல்லாத்தான் தெரியுது. தாலி ஆகட்டும், அப்புறம் முடிச்சுக்கலாம்.” போன் கட்டாகிவிட்டது. அதன் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அவள் நூற்றெட்டை அழுத்தப் போனாள். ரவிக்குமார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாம் புள்ள. சைரன் போட்டுட்டு வருவாங்க. தாலி கட்டற நேரத்துல...”

“உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?”

“வாயு புடிச்சிருக்கும். பத்து நிமிசம்.”

அவள் இடுப்பில் கட்டர் இருந்தது. பிளாஸ்டிக் கட்டுகளை நறுக்குவதற்காக எப்போதும் சேலையில் செருகியிருப்பாள். அதைக் கையில் எடுத்து, பிளேடை வெளியே தள்ளி, துணிக்கு எதிரே நின்றாள். மேடை விளக்குகள் எதிரிலிருந்து அடித்ததில் மணமக்களின் நிழல் துணியில் விழுந்திருந்தது. கை நீட்டினால் தொடலாம். பெண்ணின் தலை குனிந்திருந்தது. சடங்கு செய்யும் அருமைக்காரரின் கை மேலும் கீழும் போய் வந்தது. இந்த நிழல்களுக்கு நடுவில் பிளேடை இறக்கி, துணியைப் பிளந்துகொண்டு, தலைவிரிகோலமாய் ஒருத்தி வெளியே வந்து விழுந்தால்?

“கிழிக்காத” என்றான் அவள் முதுகுக்குப் பின்னால். “தாலி ஏறட்டும்.”

அவன் பேசியது அதுதான் கடைசி.

அவள் பிளேடை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மடியில் சாய்த்து, முந்தானையால் விசிறினாள். விசிறிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தூங்குகிறான், வலி விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானை நிற்கவில்லை.

கெட்டி மேளம்!

நிழல் மாப்பிள்ளை எழுந்து குனிந்தான். நூற்றுக்கணக்கான கைகள் உயர்ந்தன. அட்சதை மழையாய்ப் பறந்தது. உற்சாகமாய் வீசியவர்களின் கைப்பிடி அரிசி துணிக்கு மேலே எழும்பி இந்தப் பக்கமும் விழுந்தது. மஞ்சள் அரிசி ரவிக்குமாரின் தலையில், மார்பில், முகத்தில் சிதறியது. பாதி திறந்திருந்த அவனுடைய கண்ணுக்குள் ஒரு மணி விழுந்து அப்படியே நின்றது.

அவன் இமைக்கவில்லை.

* * *

பூ மயிலை நகர்த்தித் தட்டியைத் திறந்தபோது மேடையில் குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மோகனப்பிரியா உள்ளே எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எப்பக்கா? எப்ப இப்படி?”

அன்புச்செல்வி படம் எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தாள். கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாய் இந்தத் தொழிலில் பழகிய நாக்கு. நிகழ்ச்சி கெடக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத நாக்கு.

“தாலி ஏறினதுக்கு அப்பறந்தான்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை விலக்கினார். பஞ்சால் ஒரு மஞ்சள் அரிசியை எடுத்துத் தட்டில் போட்டார். “வரும்போதே உசுரு இல்லைங்கம்மா” என்றார்.

* * *

கருமத்தம்பட்டியில் மூன்று வீடுகள் வரிசையாய் நிற்கும் வாடகைக் காம்பவுண்டில் நடு வீடு அவர்களுடையது. மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. ரவிக்குமாரின் பெரியப்பா ஐயாசாமி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி தேடினார்.

“டாக்டர் எழுதுனது ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம். அது நமக்கு ஆகாது. உசுரு போன நேரம் வேணும். ஏழு நாப்பத்திரண்டு வரைக்கும் திருவோணம். அதுக்குள்ளன்னா ஒரு கொறையுமில்ல. தாண்டிருச்சுன்னா அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு. ஆறு மாசத்துக்கு ஊட்ட அடைக்கோணும். பொணத்த வாசல் வழியா எடுக்கக் கூடாது, செவத்த ஒடைச்சுத்தான் எடுக்கோணும்.” அவர் நிமிர்ந்தார். “தாலி எப்ப கட்டுனாங்க?”

“ஏழு அம்பத்தஞ்சுங்க” என்றாள் மோகனப்பிரியா, கதவோரம் நின்றபடி.

“நம்ம பையன் போனது அதுக்கு முந்தியா பிந்தியா, கண்ணு?”

அன்புச்செல்வி வாயைத் திறப்பதற்குள் வாசலில் சலசலப்பு. கல்யாணப் பெண்ணின் தகப்பனார் பட்டு வேட்டியை மாற்றாமலே ரோஜா மாலையோடு வந்துவிட்டார். மாலையைப் போட்டுவிட்டு அவள் முன்னால் கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது.

“அம்மணி, என்ற மக கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் காத்திருந்து உசுர உட்டிருக்காரு. மனுசனில்லீங்க, தெய்வமுங்க.”

அவருடைய பட்டுச் சட்டையின் மடிப்பிலும் ஒரு மஞ்சள் அரிசி ஒட்டியிருந்தது. பிணத்துக்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டவள் என்ற பேர் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளில் ஊரெல்லாம் பரவிவிடும். அது மட்டும் இல்லை. முந்தி என்றால், துணியைக் கிழித்துக்கொண்டு ஏன் வெளியே ஓடிவரவில்லை என்ற கேள்வியும் வரும். அன்புச்செல்வியின் பக்கத்தில் அவளுடைய போனை வைத்துக்கொண்டு மகள் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தவள் விரலை நிறுத்தினாள்.

“அம்மா, ஏழு இருபத்தாறுக்கு மோகனாக்காவுக்குப் போன் போட்டிருக்கறயே. அப்புறம் ஒம்பது தடவ. எதுக்கும்மா?”

மோகனப்பிரியா தலையைத் தூக்கினாள். அன்புச்செல்வியும் அவளும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடியலை என்ற சொல் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

“பின்னு நழுவிருச்சு” என்றாள் அன்புச்செல்வி. “அதுக்குத்தான்.”

மோகனப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“சொல்லு கண்ணு” என்றார் ஐயாசாமி. “முந்தியா, பிந்தியா?”

“தாலி ஏறி அஞ்சு நிமிசம் கழிச்சுங்க மாமா.”

ஐயாசாமி காலண்டரை மூடினார். “அப்ப அடைப்புதான்.”

பேச்சு சுவருக்குத் தாவியது. வாடகை வீடு. செங்கல்லில் கை வைத்தால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ஐயாசாமி தாடையைச் சொறிந்தார்.

“முந்தி நம்மாளுக குடிசையில இருந்தப்ப செவரேது? வாசல்ல ஓலைத் தட்டிய வெச்சு அடைச்சுப்போட்டு, அதக் கிழிச்சு எடுப்பாங்க. செவத்த ஒடைச்ச கணக்குத்தான்.”

“இப்ப ஓலைக்கு எங்கீங்க போறது?” என்றார் ஒருவர்.

எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போனது. மண்டபத்திலிருந்து திரும்பி வந்த வண்டி காம்பவுண்டு வாசலில் நின்றது. அதில் பன்னிரண்டு சட்டங்கள், துணி கூடக் கழற்றாமல், அடுக்கிக் கிடந்தன.

“அவன் சாமானம் அவனுக்கே ஆகுது பாரு” என்றார் ஐயாசாமி. “ஒரு தட்டிய எறக்குங்கப்பா.”

கயல்விழி எழுந்துவிட்டாள். “வேண்டாம் தாத்தா! அப்பா துணியில கத்தி வெக்க உடமாட்டாரு. செத்தாலும் உடமாட்டாரு.” சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் குளிப்பாட்டி முடித்தார்கள். அன்புச்செல்வி தலைமாட்டில் உட்கார்ந்து, ஈரத் தலையை விரலால் கோதினாள். முடிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் அரிசி கையோடு வந்தது. யாரும் பார்க்கும் முன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாசல் நிலைக்கு வெளியே தட்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வீடு சட்டென்று இருண்டது. உள்ளே ரவிக்குமார், தூக்குகிற நாலு பேர், ஐயாசாமி, அவள். மேற்கு வெயில் எதிரிலிருந்து அடித்தது. வெளியே நின்றவர்களின் நிழல்கள் துணியில் வந்து விழுந்தன. கை நீட்டினால் தொடலாம். பறை அடி ஏறிக்கொண்டிருந்தது.

“ஆரு கிட்டயாவது கத்தி இருக்குதா?” என்றார் ஐயாசாமி. “பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும்.”

அன்புச்செல்வியின் கை இடுப்புக்குப் போனது. காலையிலிருந்து கட்டர் அங்கேயேதான் இருந்தது.

“நான் கிழிக்கறனுங்க மாமா.”

“பொம்பளை எதுக்கு கண்ணு...”

அவள் ஏற்கெனவே தட்டியின் முன்னால் போய் நின்றிருந்தாள். பிளேடைத் தள்ளி, தன் தலைக்கு மேலே துணியில் முனையை ஊன்றினாள். இழுவைத் துணி. மாட்டும்போது இரண்டு ஆள் சேர்ந்து விறைப்பாக இழுத்து மாட்டுவது.

“மெல்ல கண்ணு, மெல்ல” என்றார் ஐயாசாமி.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பிளேடு பட்ட இடத்திலிருந்து துணி தானாகவே வாய் பிளந்து, சர்ரென்று தரை வரைக்கும் ஓடி, இரண்டு பக்கமும் சுருண்டு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன.

நாலு பேரும் குனிந்து தூக்கினார்கள். “நவுரு அம்மணி” என்றார் யாரோ. அன்புச்செல்வி நகரவில்லை. கையில் பிளேடோடு, சுருண்டுகிடந்த துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.