மதிவதனி பாதியில் விட்டுப்போன கவிதை

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டால் நீங்கள் கண்டுபிடித்துத் திட்டும் வேலை மிச்சம். கவிஞர் மதிவதனியின் முதல் தொகுப்பு ‘ரெண்டாவது கோட்டிங்’. அதன் வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறித்தவன் நான். கோவையில் மண்டபம் பிடித்தேன், அழைப்பிதழ் அடித்தேன், அதில் என் பெயரை அவள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக்கொண்டேன். தேதி தோதுப்படுமா என்று அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

2

கதையின் முதல் வரிக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

‘கொந்தளிக்கும் கடலில் ஒரு படகு, அதில் ஒரு குழந்தையின் அழு

(இதோடு நின்றுவிட்டது. ஏனென்றால் இதைப் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டித் தொலைத்தேன்.)

“ஏனுங்ணா, படகுல வந்தது அப்பாவும் அம்மாவுமுங்க. நான் பொறந்தது கோபி ஆஸ்பத்திரியில. கடலையே காலேஜ் டூர்லதான் பாத்தேன். அன்னைக்கும் வாந்தி எடுத்துப்போட்டு பஸ்லயே படுத்திருந்தனுங்க.”

படகை எடுத்துவிட்டேன். எனக்கு வருத்தம்தான்.

3

உள்ளதைச் சொல்கிறேன். மதிவதனிக்கு வயது இருபத்தொன்பது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள். அப்பா தவராசா பெயிண்டர். பள்ளி விடுமுறையில் அவரோடு போய்ச் சுவர் தேய்ப்பாள். முதல் கவிதையை எழுதியது தேய்ந்த உப்புத்தாளின் பின்பக்கத்தில். பிறகு கல்லூரி மலர், சிற்றிதழ்கள், இப்போது புத்தகம். வேலை சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில். சனிக்கிழமையானால் முகாமுக்குப் பஸ் ஏறிவிடுவாள். வீட்டுக்குள் “ஓம்” என்பாள், வாசல் தாண்டினால் “ஆமாங்க” என்பாள். கவிதையில் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும்.

(இப்படிச் சந்தோஷமாக இருக்கிறவளை வைத்துக் கதை எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு பெருந்துயரம் கேட்டுப் பார்த்தேன். “வாரத்துல அஞ்சு நாள் ஹாஸ்டல் சாப்பாடுங்ணா” என்றாள்.)

4

விழாவுக்கு நான்கு நாள் முன்பு அவளே கூப்பிட்டாள்.

“அண்ணா, நம்ம விழா அன்னைக்கே, ஞாயித்துக்கெழமை, செக்கிங்னு சொல்லிப்போட்டாங்க.”

செக்கிங் என்றால், மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் முகாமுக்கு வந்து பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். திரும்பச் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

“போட்டுட்டு மத்தியானத்துக்கு மேல ஓடியார முடியாதா, அம்மணி?”

“எப்பக் கூப்புடுவாங்கன்னு தெரியாதுங்ணா. அழைப்பிதழெல்லாம் குடுத்தாச்சு. நானில்லாமயே நடத்திப்போடுங்க, பரவால்லீங்க.”

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருடப் பழக்கத்தில், அவள் வாழ்க்கையில் இப்படியொரு நாள் உண்டா என்று நான் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

5

இந்த இடத்தில் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மேடையில் அவளுக்கு ஒரு காலி நாற்காலி, அதற்கு ஒரு மாலை. (இறந்தவருக்குச் செய்வது மாதிரி இருக்கிறது.)

ஆ) செக்கிங் அதிகாரி ஒரு கவிதை ரசிகர். அவர் மனமிரங்கி... (நீங்கள் நம்பப் போவதில்லை.)

நடந்தது வேறு. பதிப்பாளர் கிருபாசங்கர், “மண்டபத்த உட்டுத்தள்ளுங்க. வேன் புடிச்சு எல்லாரும் அங்கயே போயர்லாமுங்க” என்றார்.

போனோம். முகாமுக்குள் போக வெளியாட்களுக்கு அனுமதி வேண்டும், அதையும் நான் வாங்கியிருக்கவில்லை. நல்லவேளை, எதிரில் ஒரு பேக்கரி இருந்தது. கொங்கு நாட்டில் எதற்கு எதிரிலும் ஒரு பேக்கரி இருக்கும்.

6

இருபத்திரண்டு பேர், கையில் தேங்காய் பன்னும் டீயும். டீ மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். செக்கிங் வரிசையிலிருந்து சொல்லிவிட்டு வந்திருந்த மதிவதனி நின்றபடியே வாசித்தாள்.

அப்பா பெயிண்ட் அடித்த வீடுகளை
பஸ் ஜன்னலில் எண்ணிக்கொண்டு வருகிறேன்
சத்தியில் ஒன்பது
கோபியில் பதினேழு
மிஞ்சிய டப்பாக்களை எல்லாம் கலந்து
எங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்தால்

தவராசா ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். “கெதியா வா பிள்ளை! எங்கட வீட்டு லைனுக்கு வந்திட்டினம்!”

அவள் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

7

புரட்டினால் அடுத்த வரி தெரியும். (வெளியிட வந்த புத்தகத்தை நான் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்பதையும் என் தப்புகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.) மூடி வைத்தேன். யாரும் வேனில் ஏறவில்லை. ஒருவர், அடுத்த வரியில் நிச்சயம் கண்ணீர் வரும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவளைக் கூப்பிடாமல் விட்டிருப்பார்களோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வந்தாள், பின்னாலேயே தவராசாவும். “கையெழுத்துப் போட்டாச்சுங்ணா. பேரு இருக்குதுங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். “எதுல உட்டேன்?”

“அடித்தால்!” என்று இருபத்திரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். டீ மாஸ்டர் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அவள் அடுத்த வரியைச் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு முறையாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? கேட்டதும் முதலில் சிரித்தது தவராசா என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இனி, அந்தச் சுவர் என்ன நிறத்துக்கு வந்தது என்று நீங்கள்