நொண்டிப் பெட்டியும் எட்டுக் கட்டமும்

அந்தச் சட்டம் வரவே கூடாது என்று எங்கள் வணிகர் சங்கக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசியவன் நான்தான். இணையத்தில் யார் எதைப் போடலாம், எதை எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்வதா, இன்றைக்கு ஊர் வாயை மூடுகிறவன் நாளைக்கு நம் விளம்பரத்தையும் மூடுவான் என்றெல்லாம் முழங்கினேன். தட்டிய கைகளில் பாதி, சீக்கிரம் முடித்தால் காபி குடிக்கலாம் என்று தட்டியவை. இருந்தாலும் தட்டினார்கள். சட்டம் வந்தது. வந்த நாற்பதாவது நாள், எங்கள் தெருவில் அதை முதலில் பயன்படுத்தியவனும் நான்தான்.

எனக்கு சூட்கேஸ், கைப்பை வியாபாரம். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாருமே கல்லாவில் உட்கார்ந்தவர்கள். எங்கள் வீட்டில் எதற்கும் ஒரே பேச்சில் சரி என்று சொல்கிற வழக்கம் கிடையாது. என் கல்யாணத் தேதியைக்கூட அப்பா இரண்டு மாதம் முன்னுக்குத் தள்ளிக் கேட்டு, ஒரு மாதத்தில் முடித்தார். வேண்டியதைப் போல இரண்டு மடங்கு கேட்பது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. எதிராளி பாதியாக அடிப்பார், நமக்கு வேண்டியது வந்துவிடும், இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு பிரிவோம்.

விஷயம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. நாற்பது நொடிதான். ஒரு பெண் ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் நீல சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு ஏறுகிறாள். பாதியில் ஒரு சக்கரம் கழன்று, தனக்கு வேறு வேலை இருக்கிற மாதிரி தானாகக் கீழே உருண்டு போகிறது. பெட்டி நொண்டுகிறது. முகம் தெரியவில்லை, குரல் மட்டும்: "அஞ்சு வருஷம் உழைக்கும்னாரு கடைக்காரரு. அஞ்சாவது நாளே கால ஒடிச்சுக்கிச்சு. இனிமே இதுக்குப் பேரு நொண்டிப் பெட்டி." பெட்டியின் நெற்றியில் என் கடை ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. மூன்றே நாளில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கடை வாசலில் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டிவிட்டு ஓடின.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சரக்கின் சக்கரத்தில் அச்சு பிளாஸ்டிக். வாங்கும்போதே எனக்குத் தெரியும். கடைப் பையன்களிடம், "வழவழன்னு இருக்கிற தரைல மட்டும் உருட்டிக் காட்டுங்கடா" என்று சொல்லிவைத்ததும் நான்தான்.

புதுச் சட்டப்படி புகார்ப் படிவம் போனிலேயே இருந்தது. எட்டுக் கட்டங்கள்: அவதூறு, பொய்ச் செய்தி, அந்தரங்க மீறல், ஆள்மாறாட்டம், மிரட்டல், ஆபாசம், மோசடி, பொது அமைதிக்குக் கேடு. எட்டிலும் டிக் போட்டேன். கல்லாவில் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆபாசமா? சூட்கேஸ்ல என்னங்க ஆபாசம்?"

"சக்கரம் இல்லாம நடுரோட்டுல நிக்குதுல்ல."

அவள் சிரிக்கவில்லை. சட்டம் வந்த முதல் வாரத்தில் ஒரு டீச்சரின் முகத்தை எவனோ ஒட்டிப் போட்ட அசிங்கப் படத்தை அந்தக் கட்டம்தான் ஒரு மணி நேரத்தில் எடுக்க வைத்தது. அதை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அந்த டீச்சருக்காக வைத்த கட்டத்தில் என் சூட்கேஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

என்ன நடவடிக்கை வேண்டும் என்று கடைசியில் ஒரு கேள்வி. அந்தப் பதிவை மட்டும் நீக்கவா, அந்தப் பெண்ணின் பக்கம் முழுவதையும் நீக்கவா? எனக்கு வேண்டியது அந்த நாற்பது நொடி போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எடுத்த எடுப்பில் அதைக் கேட்டால் அதிலும் பாதியாக அடிப்பார்கள் இல்லையா? பக்கம் முழுவதும் என்று போட்டேன். "முழுப் பக்கம்லாம் முடியாது சார், அந்த வீடியோவ மட்டும் எடுத்துடறோம்" என்று வருவார்கள், நானும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு சரி என்பேன். கணக்கு அதுதான்.

யாரும் வரவில்லை. நான்கு மணி நேரத்தில் பதில் மட்டும் வந்தது: தங்கள் புகார் ஏற்கப்பட்டது, பக்கம் நீக்கப்பட்டது.

முதலில் சொன்ன விலையை என் ஆயுசில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அப்படி யாராவது கொடுத்தால் வியாபாரிக்குச் சந்தோஷம் வராது, எங்கேயோ ஏமாந்துவிட்டோம் என்று தோன்றும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்தத் தளத்துக்கு அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அபராதத்துக்குப் பயந்தவன் ஏன் பேரம் பேசப் போகிறான்? கேட்டதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடை திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது. போன் அடித்தது.

"சார், நாளைக்கு டயாலிசிஸ்க்கு எங்கயாவது இடம் காலி இருக்கா?"

"தம்பி, இது சூட்கேஸ் கடை."

"தெரியும் சார். நெட்ல அந்தப் பக்கத்துல உங்க கடைப் பேரும் நம்பரும்தான் போட்டிருக்கு. எங்க மாமாவுக்கு வாரத்துல மூணு நாள் பண்ணணும், எங்க சென்டர்ல மிஷின் ரிப்பேரு..."

ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் பதினோரு போன். ஒரு பக்கத்தை எடுத்தால் யார் புகாரில் எடுத்தது என்று அதே இடத்தில் அறிவிப்புப் போட வேண்டுமாம், அதுவும் சட்டம். பக்கத்தைத் தேடி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது என் கடை நம்பர் மட்டும். இனிமேல் இங்கேதான் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று பாவம், கேட்டார்கள்.

அப்படிக் கேட்டவர்கள் சொல்லித்தான் அது என்ன பக்கம் என்றே எனக்குத் தெரிந்தது. நான் அந்த நாற்பது நொடியைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவர். ஊரில் ஒன்பது டயாலிசிஸ் சென்டர். யாராவது வர முடியாமல் போனால் அந்த நேரத்துக்கு ஒரு மிஷின் சும்மா நிற்கும். இவர் காலையும் மாலையும் ஒன்பது இடத்துக்கும் போன் போட்டு, எங்கே எத்தனை மணிக்கு இடம் காலி என்று பக்கத்தில் போட்டுவிடுவார். கணவருக்காக ஆரம்பித்தது. அவர் போன பிறகும் விடவில்லை. ஆறு வருடம். நடுவில் ஒரே ஒரு நாள் வயிற்றெரிச்சலில் என் பெட்டியைப் போட்டுவிட்டார்.

மனைவி ஒரு பில் புத்தகத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் போன் செய்கிறவர்களின் பேர், நோயாளி வயது, எந்த நாள் என்று எழுத ஆரம்பித்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சென்டர் சென்டராகக் கூப்பிட்டாள். ஒன்பதில் நான்கு பேர், நீங்கள் யார் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர் வந்தார். கேக்கில் ஈ இருந்தது என்று எவனோ போட்டோ போட்டிருக்கிறானாம்.

"முதலாளி, எந்தக் கட்டத்துல டிக் போட்டா வேலை நடக்கும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எல்லாத்துலயும் போடு" என்றேன். போட்டார். நடந்தது. சாயங்காலம் ஒரு டப்பா கேக் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை.

எடுத்த பக்கத்தைப் பதினைந்து நாள் வைத்திருந்து, பிறகு அடியோடு அழித்துவிடுவார்களாம். அதற்குள் புகார் கொடுத்தவன் வாபஸ் வாங்கலாம். அதற்கு மூன்று கட்டம். ஒன்று, இரு தரப்பும் சமாதானம். இரண்டு, தவறுதலாகக் கொடுத்த புகார். மூன்று, பொய் என்று தெரிந்தே கொடுத்த புகார். மூன்றாவதில் டிக் போட்டால் பக்கம் உடனே திரும்பும், ஆனால் போட்டவன் பேர் இரண்டு வருடத்துக்கு அரசாங்கப் பட்டியலில் தொங்கும்.

நான் ஒன்றாவதைப் பிடித்தேன். கடையிலேயே உசத்தியான சிவப்பு சூட்கேஸை, உலோகச் சக்கரம் வைத்ததை, எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். பத்துப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா ரத்தக் குழாய்களில் பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"டோக்கன் வாங்குனீங்களா?"

"ரத்தம் குடுக்க வரலைங்க. ஒரு விஷயம் பேசணும்."

அவர் சூட்கேஸைப் பார்த்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ஓ. நீங்களா."

"நடந்தது நடந்துபோச்சும்மா. ரெண்டு பேருக்கும் கௌரவமா முடிச்சுக்கலாம். இது உங்களுக்குத்தான். இருக்கறதுலயே உசத்தி."

"எனக்கெதுக்கு? உங்க பெட்டி ஒண்ண இழுத்ததே போதும்."

"அப்ப என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"என் பக்கம்."

"அதுக்குத்தாம்மா வந்தேன். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

அவர் போனை வாங்கி, நான் படிக்காமல் விட்ட சின்ன எழுத்துவரை படித்தார். வீடியோவில் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது.

"சக்கரம் கழண்டுச்சா, இல்லையா?"

"கழண்டுச்சு. ஆனா நீங்க மேட்டுல இழுத்திருக்கீங்க."

"ஆஸ்பத்திரி மேட்டுலதான்யா இருக்கு!"

டோக்கன் வரிசை சிரித்தது. "அண்ணே, சக்கரம் வெச்சது உருட்டவா, அழகு பாக்கவா?" என்றது ஒரு குரல். நான் வழக்கம் போல ஒரு படி இறங்கினேன்.

"சரி, 'தவறு'ன்னு வேணாம். 'ஓரளவு தவறு'ன்னு போட்டுக்கலாம்."

"எத்தன சக்கரம் கழண்டா முழுசா உண்மையாகும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "எனக்கு வெல பேசத் தெரியாதுங்க. ஆளு காத்துட்டிருக்காங்க. அடுத்த டோக்கன் வாங்க."

சிவப்பு சூட்கேஸை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சத்தமே இல்லாமல் உருண்டது சனியன்.

கடைக்கு வந்து இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். தவறுதலாக. கையைச் சுட்டுக்கொள்ளாமல் காரியம் முடியும் என்று ஒரு நப்பாசை. மனைவி கேட்டாள்:

"வாபஸ் வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

நம்பினாள். நாளைக்குப் பக்கம் வந்துவிடும் என்று போனில் நாலு பேருக்குச் சொல்லவும் சொன்னாள். பக்கம் வரவில்லை. பதினோராவது நாள் கடை மெயிலுக்குப் பதில் வந்தது. நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். அவள்தான் திறந்தாள், ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் சத்தமாகப் படித்தாள்.

"'தங்கள் வேண்டுகோள் பரிசீலனையில் உள்ளது. தொண்ணூறு நாட்களில் முடிவு தெரிவிக்கப்படும்.' பக்கம் இன்னும் நாலு நாள்ல அழிஞ்சிடும். இது தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"மூணாவதுல போட்டா பட்டியல்ல பேரு ஏறும். ஊரே பாக்கும்."

"பாக்கட்டும்."

"கடை என்னத்துக்காகும்?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "நேத்து ஒரு பொண்ணு போன்ல அழுதுச்சு. அவங்கப்பாவுக்கு ஒரு இடம் பிடிச்சுக் குடுத்தேன். 'அக்கா, உங்க கடை நல்லா இருக்கணும், உங்க வீட்டுக்காரரு நல்லா இருக்கணும்'னுச்சு. நான் என்னன்னு சொல்ல? சரிம்மான்னேன். உங்களோட சேத்து என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

இருபது வருடமாக என்னோடு பேரம் பேசியே குடித்தனம் நடத்தியவள். அன்றைக்கு ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போன் மறுபடி அடித்தது. எடுத்தாள்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னது. நாலு விதமாக எழுதி அழித்தேன். கடைசியில் இப்படிப் போட்டேன்: சக்கரம் தரம் குறைந்தது, விற்கும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் பக்கம் திரும்பியது, நொண்டிப் பெட்டியும் சேர்ந்துதான். அந்த அம்மா என்னைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. திட்டுவார் என்று தினமும் இரண்டு வேளை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது சென்டர் காலை ஆறு மணி, ஏழாவது சென்டர் மதியம் இரண்டு மணி, இவ்வளவுதான் இருந்தது. கடை போன் ஓய்ந்தது.

ஒரு வாரம் கழித்து, எலெக்ட்ரீஷியன் சட்டையில் ஒரு தம்பி கடைக்குள் வந்தான். மனைவி பாங்குக்குப் போயிருந்தாள்.

"அக்கா இல்லையா சார்? நான் மொத நாளு போன் பண்ணேன்ல, மாமாவுக்காக. அப்புறம் அக்காதான் வெள்ளிக்கிழமைக்கு ஒரு இடம் பிடிச்சுக் குடுத்தாங்க. நேர்ல ஒரு நன்றி சொல்லலாம்னு."

"சொல்லிடறேன் தம்பி."

"மாமாவ அவரு பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ஒரு சூட்கேஸ் வேணும். நீங்க சொல்றதுதான் சார் வெல. உங்க கடைல பேரம் பேசுனா எனக்குச் சோறு எறங்காது."

இப்படி ஒரு வாடிக்கையாளனுக்காக என் அப்பா முப்பது வருடம் காத்திருந்தார். எனக்கு விலை வாயில் வரவில்லை. ஒரு சூட்கேஸை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். திரும்ப உள்ளே தள்ளினேன்.

"தம்பி, அந்தப் பக்கத்த மூட வெச்சதே நான்தான்."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். நான் வீடியோவைச் சொன்னேன், எட்டுக் கட்டத்தைச் சொன்னேன், பட்டியலில் என் பேர் இருக்கிற இடத்தைப் போனில் காட்டினேன். அவன் நிதானமாகப் படித்தான். படித்ததையே இன்னொரு தடவை படித்தான்.

"அந்தப் புதன்கிழமை எங்கயும் இடம் கிடைக்கல சார். வியாழக்கிழமை மாமாவுக்கு மூச்சே வாங்க முடியல. காலு ரெண்டும் வீங்கிப் போயி, தூக்கிட்டுதான் ஓடினோம். அது..."

"அதுவும் நான்தான்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சூட்கேஸைத் தன் பக்கம் இழுத்தான், படுக்க வைத்தான், நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்தான். பிறகு நிமிர்த்தி, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"வேற கடை இருக்கா சார் பக்கத்துல?"

எதிரிலேயே இருக்கிறது. கேட்காமலே பில் போட்டுக் கொடுக்கிறதால் தெருவில் அவருக்கு ரசீதுக்காரர் என்று பேர். பதினெட்டு வருடமாக அவர் வாசலை நான் மிதித்ததில்லை. தம்பியை அழைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"என்னய்யா, நீயே கூட்டிட்டு வர்ற? சொந்தக்காரனா?" என்றார் ரசீதுக்காரர்.

"கஸ்டமர். நல்ல சக்கரமாப் பாத்துக் குடு."

அவர் கண்ணைச் சுருக்கினார். "இதுல உனக்கென்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அவர் நம்பாமல், என் கடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே அந்தத் தம்பி ஒரு கறுப்பு சூட்கேஸின் மேல் கையை வைத்து, கொஞ்சம் குறைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான்.