பூட்ஸுக்கு மேலே

2016 மார்ச் 12, சனிக்கிழமை மாலை, ஒரு சலவைக்கடைக்கு மேலிருந்த சிறிய திரையரங்கில், நாஜி வதைமுகாமில் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய ஒரு படம் முதல்முறையாகப் போட்டுக் காட்டப்பட்டது.

முகாம் காவலராக நடித்தவர் மெத்தைக்கடை வைத்திருப்பவர். சினிமாவில் தலைகாட்டப் போகிறோம் என்று மனைவி, மாமியார், மைத்துனர் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். திரையில் அவருடைய பூட்ஸ் மட்டும்தான் வந்தது. நடந்தது, நின்றது, படியேறியது. முழங்காலுக்கு மேலே இயக்குநர் எதையும் விட்டுவைக்கவில்லை.

வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் எதிரே அந்த பூட்ஸ் வந்து நின்றபோது அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

"அக்கா, நம்ம மாமா நடை!" என்று மைத்துனர் கத்தினார். "வீட்லயும் இப்படித்தான் குதிகாலைத் தேய்ப்பாரு!"

அந்த வரிசை முழுக்கக் கைதட்டியது.

படம் முடிந்ததும் இயக்குநர் மெத்தைக்கடைக்காரரை வராந்தாவில் மடக்கினார். "கொலை நடக்கிற இடத்துல கைதட்டுறாங்க. இந்தக் குடும்பத்தை எங்கேங்க புடிச்சீங்க?"

"அது இருக்கட்டும் சார். என் மூஞ்சி எங்க?"

"பூட்ஸ் ஒரு குறியீடு. முகமே இல்லாத தீமை."

"அப்ப கொன்னது யாரு, பூட்ஸா? கொன்னவனுக்கு மூஞ்சி இருந்துச்சு சார். சாப்பிட்டிருப்பான், காது குடைஞ்சிருப்பான். மூஞ்சியை வெட்டிட்டா அவன் தப்பிச்சுட்டான்ல?"

"உங்க மூஞ்சி வரணும்னு பேசுறீங்க."

"ஆமா, அதுக்காகவும்தான்."

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த படத்தொகுப்பு செய்த அம்மா வாயைத் திறந்தார். "அந்தப் பொண்ணைப் பாத்துக்கிட்டே இவர் ஆப்பிள் சீவுற ஷாட் இருக்கு. ரொம்ப சாதாரணமா இருக்குன்னு நீங்கதான் தூக்கச் சொன்னீங்க."

இயக்குநர் தாடியைச் சொறிந்தார். "ஆப்பிள்... ஆதாம் ஏவாளோட முதல் பாவத்துக்குக் குறியீடுன்னு வெச்சுக்கலாமா?"

"என்னத்தையோ வெச்சுக்குங்க. மூஞ்சி இருக்கும்ல, அது போதும்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

படம் வெளியானபோது அந்தக் காட்சி இருந்தது. மெத்தைக்கடைக்காரர் சிறுமியைப் பார்த்தபடி, அவசரமில்லாமல், தோல் அறுந்துவிடாமல் ஆப்பிளைச் சீவினார். வீட்டில் சீவுவதும் அப்படித்தான். அவர் குடும்பத்தில் யாரும் கைதட்டவில்லை. படம் முடிந்ததும் மாமியார் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வேறு பஸ்ஸில் போனார்.